பரணில் தூங்கும் ரெயில்! எடைக்குப் போடுவதா? ஏலத்துக்கு அனுப்புவதா?

மதுரை வில்லாபுரம்.

அங்கே ஒரு மாடி வீடு. வீட்டில் ஒரு பரண். பரணில் நாலு டிரங்குப் பெட்டிகள்.

பெட்டிகளுக்குள் ரெயில் தூங்குகிறது!

என்ஜின் இருக்கிறது. பெட்டிகள் இருக்கின்றன. தண்டவாளம், கைகாட்டி, ஸ்டேஷன், பாலம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் எல்லாமே சாண் அளவு, விரல் அளவு!

வீட்டுப் பெரியவர் வாலிப வயதில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். ஊர் திரும்பியபோது நகையைவிடப் பத்திரமாகக் கொண்டு வந்தது இந்த ரெயிலைத்தான்.

இப்போது அவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் இருக்கிறது.

"அம்மா! பரணில் இருக்கிற சாமானை எல்லாம் எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறான், மூத்த மகன்.

"உங்கப்பா உயிரையே அதில்தானேப்பா வைத்திருந்தார்!" என்கிறாள், தாய்.

"அது சரி அம்மா. பொம்மைக்கு யார் பணம் கொடுப்பார்கள்?"

இது கற்பனை வீடுதான். ஆனால் அந்த மகன் கேட்ட கேள்வி கற்பனை அல்ல. ரெயில் பொம்மை சேர்த்தவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். அவர்கள் மறைந்த பிறகு, அவர்களுடைய குடும்பத்தார் எல்லாரும் கேட்கும் கேள்வி இது.

பொம்மை ரெயிலுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

கொடுக்கிறார்கள்! சில பொம்மைகளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். சில பொம்மைகளுக்குப் பேரீச்சம்பழம்கூடக் கிடைப்பது இல்லை! எதற்கு விலை, எதற்கு விலை இல்லை என்று தெரிந்துகொண்டால் ஏமாற வேண்டியது இல்லை.

கொலுவில் ஓடும் ரெயில்

மதுரைக்காரர்களுக்கு ரெயில் புதிது அல்ல. 1875-ம் ஆண்டிலேயே மதுரைக்கு ரெயில் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அது தூத்துக்குடி வரை போயிற்று.

பொம்மையும் மதுரைக்குப் புதிது அல்ல. திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரியின் மண் பொம்மைகள் ஊர் ஊராகக் கொலுவுக்குப் போகின்றன.

புரட்டாசியில் நவராத்திரி வந்துவிட்டால், கொலுப்படிக்குக் கீழே குழந்தைகள் "பார்க்" போடுவார்கள். கேழ்வரகையும், கடுகையும் முளைக்க வைத்துப் புல்தரை அமைப்பார்கள். கண்ணாடித் துண்டு குளம் ஆகும். மணல், ரோடு ஆகும். அதைச் சுற்றி ஒரு ரெயில் ஓடும். சாவி கொடுத்தால் "கடகட" என்று ஓடி, பாதியில் நின்றுவிடும். பார்க்கிற பாட்டிக்கும் சிரிப்பு வரும்.

அந்தச் சாவி ரெயிலின் அண்ணன்தான் "மாடல் ரெயில்". சாவி ரெயில் வெறும் விளையாட்டுச் சாமான். மாடல் ரெயில் அப்படி அல்ல. உண்மையான என்ஜினை அளந்து, அதே கணக்கில் சுருக்கிச் செய்வது. சக்கரம், புகைபோக்கி, ஜன்னல், ஆணித்தலை எல்லாம் கணக்குப்படி இருக்கும். மின்சாரத்தில் ஓடும்.

87-ல் ஒரு பங்கு!

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது கஷ்டம் அல்ல.

சென்னை பெரம்பூர் தொழிற்சாலையில் செய்த ரெயில் பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் நீளம் 21 மீட்டருக்குச் சற்று அதிகம். அதை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் என்ன ஆகும்? 24½ சென்டி மீட்டர். அதாவது, ஏறக்குறைய ஒரு சாண்! இந்த அளவுக்கு "எச்-ஓ" என்று பெயர். உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது இதுதான்.

இங்கிலாந்துக்காரர்கள் 76-ல் ஒரு பங்கு என்ற அளவை வைத்துக்கொண்டார்கள். அதற்கு "ஓ-ஓ" என்று பெயர். 160-ல் ஒரு பங்கு அளவும் உண்டு. அதற்கு "என்" என்று பெயர். அதில் மேலே சொன்ன பெட்டி, 13 சென்டி மீட்டர்தான் இருக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்!

பழைய காலத்து ரெயில்கள் பெரியவை. "ஓ" என்ற அளவில் தண்டவாளத்தின் அகலமே 32 மில்லி மீட்டர். "எச்-ஓ", "ஓ-ஓ" இரண்டுக்கும் தண்டவாளம் 16½ மில்லி மீட்டர். "என்" அளவுக்கு 9 மில்லி மீட்டர்.

ஒரு அடிக்கோலை வைத்துத் தண்டவாளத்தை அளந்தாலே, பெட்டியில் இருப்பது எந்த ஜாதி ரெயில் என்று பாதி தெரிந்துவிடும்.

கடை ஜன்னலில் பிறந்த ரெயில்

இந்தப் பொம்மைகளைச் செய்தவர்களில் 3 பேர் முக்கியமானவர்கள்.

முதலாவது, ஜெர்மனியில் உள்ள மார்க்லின் கம்பெனி. 1859-ம் ஆண்டு தொடங்கியது. முதலில் பெண் குழந்தைகளுக்குச் சொப்புச் சாமான் செய்தார்கள். ஒரு வருஷம் அடுப்பு வாங்கினால், அடுத்த வருஷம் பாத்திரம் வாங்கலாம். இந்த யோசனையை ரெயிலுக்கும் கொண்டு போனார்கள். 1891-ல் லைப்சிக் நகரச் சந்தையில், அளவு எண் கொடுத்த தண்டவாளத்தோடு ரெயிலைக் காட்டினார்கள். இந்த வருஷம் என்ஜின், அடுத்த வருஷம் பெட்டி, அதற்கு அடுத்த வருஷம் பாலம்! "சேர்க்கும்" பழக்கம் இங்கேதான் வேர் பிடித்தது.

இரண்டாவது, அமெரிக்காவில் உள்ள லயனல் கம்பெனி. 1900-ம் ஆண்டு நியூயார்க் நகரில் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் தொடங்கினார். கடை ஜன்னலில் சாமான்களை வைத்து ஓட்டிக் காட்ட ஒரு மின்சார வண்டியைச் செய்தார். கூட்டம் கூடியது. ஆனால் வந்தவர்கள் வண்டியில் இருந்த சாமானைக் கேட்கவில்லை. "அந்த வண்டி என்ன விலை?" என்று கேட்டார்கள்! அவ்வளவுதான். பொம்மை ரெயில் வியாபாரம் பிறந்துவிட்டது.

மூன்றாவது, இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி. இவர் 1920-ல் சாவி ரெயிலை வெளியிட்டார். 1938-ல் "ஹார்ன்பி டப்ளோ" என்ற சிறிய அளவு ரெயில் வந்தது. சிங்கப்பூர், மலேயா, இலங்கை, இந்தியா என்று ஆங்கிலேயர் ஆண்ட இடங்களுக்கு எல்லாம் ஹார்ன்பி ரெயில் கப்பலில் போயிற்று.

பரணில் கிடக்கும் என்ஜினைத் திருப்பிப் பாருங்கள். இந்த 3 பெயரில் ஒன்று இருந்தால், பெட்டியைக் கீழே இறக்கவேண்டியதுதான்!

மகனுக்காக ஒரு ரெயில்

இனி, ஒரு தந்தையின் கதை.

அவர் பெயர் நீல் யங். 1945-ம் ஆண்டு கனடாவில் பிறந்தவர். உலகப் புகழ் பெற்ற பாடகர். சின்ன வயதில் அவருக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார். அவரிடம் ஒரு லயனல் ரெயில் இருந்தது.

வளர்ந்து, பாடிப் பெயரும் பணமும் சம்பாதித்தார். 1978-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர், பென்.

குழந்தைக்கு மூளை வாதம். கை, கால் அவன் சொன்னபடி கேட்காது. பேச்சும் வரவில்லை.

எத்தனை பணம் இருந்து என்ன? மகன் "அப்பா" என்று கூப்பிடவில்லையே!

நீல் யங் தம் பண்ணை வீட்டில் ஒரு கொட்டகை முழுவதும் ரெயில் பாதை போட்டார். மரக்கட்டைகளை வைத்து மலை அமைத்தார். பாசியைப் பதித்துக் காடு ஆக்கினார். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரெயில் விட்டார்.

ஆனால், பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் போதுமா? மகனே ஓட்டவேண்டும் என்று தந்தைக்கு ஆசை. சாதாரண ரெயில் பொம்மையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை விரலால் பிடித்துத் திருகவேண்டும். பென்னுக்கு அது முடியாது.

தந்தை யோசித்தார். கம்பி இல்லாமல் ரெயிலை ஓட்டும் கருவி ஒன்றைச் செய்யும் வேலையில் இறங்கினார். பெரிய பொத்தான் ஒன்று. தட்டினால் போதும். ரெயில் ஓடும்!

பென் தட்டினான். ரெயில் ஓடியது!

தன் உடம்பே தன் சொல் கேளாத பையன். அவன் சொல்லை ஒரு ரெயில் கேட்டது.

நீல் யங் அதோடு விடவில்லை. 1992-ல் லயனல் கம்பெனியின் சொந்தக்காரரோடு கூட்டுச் சேர்ந்தார். மகனுக்காகச் செய்த யோசனையில் இருந்து, எல்லாரும் வாங்கக்கூடிய ஒரு கருவி பிறந்தது. கையில் பிடித்துக்கொண்டே பல என்ஜின்களை ஓட்டலாம். நிஜ ரெயில் போலவே ஊதும், மணி அடிக்கும்! 1995-ல் சிலர் சேர்ந்து லயனல் கம்பெனியை வாங்கினார்கள். அவர்களில் நீல் யங்கும் ஒருவர்.

கம்பெனி இன்பத்தையும் துன்பத்தையும் பார்த்தது. 2004-ல் திவால் கோர்ட்டுக்குப் போயிற்று. 2008-ல் அதில் இருந்து மீண்டது.

ஏலம்!

2017-ம் ஆண்டு டிசம்பர் மாதம்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். ஜூலியன்ஸ் என்ற ஏலக் கம்பெனி. நீல் யங் சேர்த்த ரெயில்கள் ஏலத்துக்கு வந்தன.

ஒன்று, இரண்டு அல்ல. 230-க்கும் அதிகம்!

கடையில் வாங்கிய என்ஜின்கள் இருந்தன. அவருக்காகவே தனி வர்ணம் பூசிய என்ஜின்கள் இருந்தன. விற்பனைக்கு வருமுன் சோதனைக்காகச் செய்த மாதிரிகளும் இருந்தன.

ஏலத்தில் கிடைத்த தொகை, ஏறத்தாழ 3 லட்சம் டாலர்! சராசரி பார்த்தால், ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல்!

அந்தப் பணத்தில் ஒரு பங்கு "பிரிட்ஜ்" பள்ளிக்கூடத்துக்கு என்று அறிவித்திருந்தார்கள். பென்னைப் போல, பேசவும் நடக்கவும் முடியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. 1986-ல் அதைத் தொடங்கியவர்களில் பென்னின் தாயார் பெகி யங்கும் ஒருவர்.

ஒரு பிள்ளைக்காகத் தொடங்கிய ரெயில், பல பிள்ளைகளின் வகுப்பறையில் போய் நின்றது.

இந்தக் கதையில் வியாபாரப் பாடமும் இருக்கிறது.

சேர்த்தவர் உயிரோடு இருக்கும்போதே விற்றார். எது எங்கே வாங்கியது, எதற்காகச் செய்தது என்று அவருக்குத் தெரியும். வாங்கியவர்கள் தகரத்துக்கும், ஈயத்துக்கும் பணம் கொடுக்கவில்லை. கதைக்குக் கொடுத்தார்கள்! அதே என்ஜின் வேறு ஒருவர் பரணில் இருந்து வந்திருந்தால், அந்த விலை போயிராது.

பொம்மையை விற்று, நிஜத்தைக் காப்பாற்றினார்!

இங்கிலாந்தில் பீட் வாட்டர்மேன் என்று ஒருவர். பாட்டுத் தட்டுகள் தயாரிப்பவர். அவருக்கும் ரெயில் பைத்தியம். பொம்மை ரெயிலும் வைத்திருந்தார். நிஜ நீராவி என்ஜின்களையும் பராமரித்தார்!

நிஜ என்ஜினுக்குத் தீனி போடுவது சுலபமா? கொதிகலனைப் பழுது பார்க்கவே பெரும் பணம் வேண்டும். 2015-ல் அவர் தம் மாடல் ரெயில்களை ஏலத்துக்கு அனுப்பினார். கைத்திறன் மிக்கவர்கள் ஒவ்வொன்றாகச் செய்த என்ஜின்கள் அவை. 6 லட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. அந்தப் பணம், நிஜ என்ஜின்களைக் காப்பாற்றும் அறக்கட்டளைக்கு.

சின்ன ரெயில், பெரிய ரெயிலைக் காப்பாற்றியது!

மேஜை மேல் வெள்ளி ரெயில்

நம் நாட்டிலும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உண்டு. ராஜாக்களே இருந்தார்கள்!

குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியாவின் அரண்மனையில், பெரிய சாப்பாட்டு மேஜை. மேஜை மேல் தண்டவாளம். அதன் மேல் ஒரு வெள்ளி ரெயில்! இங்கிலாந்தில் செய்து வரவழைத்தது. சாப்பாடு முடிந்ததும் மது வகைகளையும், சுருட்டையும் ஏற்றிக்கொண்டு விருந்தாளிகளைச் சுற்றி வரும். ஒருவர் கண்ணாடிக் குப்பியைத் தூக்கினால் ரெயில் நின்றுவிடும். திரும்ப வைத்தால் புறப்படும்!

அந்த வெள்ளி ரெயிலை யாரும் ஏலம் விடவில்லை. குவாலியர் ஜெய்விலாஸ் அரண்மனைப் பொருட்காட்சியில் அதை இன்றும் பார்க்கலாம்.

விற்காமலே சம்பாதிக்க வழி உண்டா? அதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது.

புனே நகரில் ஜோஷி என்பவர், வாழ்நாள் எல்லாம் மாடல் ரெயில் சேர்த்தார். ஊர் ஜனங்கள் "பாவுசாகேப் ஜோஷி" என்று அழைப்பார்கள். 1998-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, கோத்ரூட் பகுதியில் தம் ரெயில்களை வைத்து ஒரு பொருட்காட்சியையே திறந்துவிட்டார். மேஜை மேல் ஒரு நகரம். ரெயில்கள் வருகின்றன, போகின்றன. விளக்குகள் எரிகின்றன. டிக்கெட் வாங்கிக்கொண்டு குழந்தைகள் பார்த்தார்கள்.

எல்லாராலும் பொருட்காட்சி திறக்க முடியாது. ஆனால் "விற்பதா, குப்பையில் போடுவதா" என்ற இரண்டு வழிதான் என்று நினைக்கவேண்டாம். மூன்றாவது வழியும் உண்டு.

எல்லாம் விலை போகுமா?

போகாது!

ரெயில் பொம்மை வியாபாரத்தில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. 1950-ம் ஆண்டுகளில், கடை ஜன்னலில் ரெயிலைப் பார்த்து ஏங்கிய பிள்ளைகள் இருந்தார்கள். வளர்ந்து சம்பாதித்ததும், அந்த ஏக்கம் தீர வாங்கினார்கள். விலை ஏறியது. இன்று அவர்கள் முதியவர்கள். ஒவ்வொருவராக விற்கிறார்கள். அல்லது, மறைந்துவிடுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் விற்கிறார்கள். விற்பவர் கூட்டம் பெரிது. வாங்குபவர் கூட்டம் சிறிது. ஆகவே, லட்சக்கணக்கில் செய்து விற்ற சாதாரண ரெயில்களின் விலை இறங்கிவிட்டது.

கம்பெனிகளே தள்ளாடின. மார்க்லின் கம்பெனி, தன் 150-வது ஆண்டிலேயே, 2009-ல், திவால் மனு கொடுத்தது. பிறகு வேறு ஒரு பொம்மைக் குடும்பம் வாங்கி, அதைத் தூக்கி நிறுத்தியது.

ஆனால் அரிய சாமானுக்கு என்றும் கிராக்கிதான். 2005 ஜனவரியில், மார்க்லின் பொருட்காட்சியில் திருடர்கள் புகுந்தார்கள். தங்கத்தைத் தேடவில்லை. பழைய ரெயில் பொம்மைகளை அள்ளிக்கொண்டு போனார்கள்! மதிப்பு 10 லட்சம் யூரோவுக்கு மேல்! பிறகு போலீசார் மீட்டார்கள்.

எது அரியது?

இரண்டாவது உலகப் போருக்கு முன்பு செய்தது. குறைந்த எண்ணிக்கையில் செய்தது. கைவேலையால் செய்தது. பழைய வர்ணம் போகாமல் இருப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடையில் வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியோடு இருப்பது!

ஆம்! அட்டைப் பெட்டிக்கு மதிப்பு உண்டு. சில சமயம், பெட்டி இருப்பதால் மட்டுமே விலை வெகுவாக உயரும். ஏன்? பொம்மையைப் பிள்ளைகள் வைத்துக்கொண்டார்கள். பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். ஆகவே பொம்மையைவிடப் பெட்டி அருமை!

தேய்க்காதீர்கள்! பூசாதீர்கள்!

பரணில் இருந்து இறக்கியதும் நம் வீட்டில் என்ன செய்வோம்? புளி போட்டுத் தேய்ப்போம். பளபள என்று ஆக்கிவிட்டு, "இப்போது பார், புதுசு போல இருக்கிறது" என்போம்.

அங்கேதான் பாதி விலை போய்விடும்!

பழைய வர்ணமே அதன் பிறப்புச் சான்றிதழ். மெல்லிய பிரஷினால் தூசியைத் தட்டினால் போதும். தண்ணீர் படக்கூடாது. புது வர்ணம் பூசவே கூடாது. உடைந்த கைப்பிடியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். உடைந்த துண்டை ஒரு காகிதத்தில் மடித்து, அதே பெட்டியில் வையுங்கள்.

பிளக்கில் சொருகி ஓட்டிப் பார்க்கவும் அவசரப்படாதீர்கள். அமெரிக்க ரெயிலோடு வரும் மின்சாரக் கருவி, அங்குள்ள 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டில் வருவது 230 வோல்ட். சொருகினால் புகைந்துவிடும்! எந்த நாட்டுக் கருவியானாலும் வயர் உளுத்துப்போயிருக்கலாம். விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் பார்க்காமல் தொடக்கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். போருக்கு முன்பு, துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்துச் சக்கரமும் உடலும் செய்தார்கள். அதில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால், பல ஆண்டு கழித்து உள்ளேயே வெடிப்பு விழும். பார்க்க நன்றாக இருக்கும். கையில் எடுத்தால் பிஸ்கோத்துப் போல உதிரும்! ஆகவே, பழைய என்ஜினை ஒரு கையால் தூக்காதீர்கள். அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்குங்கள். வாங்குகிறவரிடம் வெடிப்பை மறைக்காதீர்கள். மறைத்து விற்ற சாமான் திரும்பி வரும். மானமும் போகும்!

நோட்டும் பேனாவும்

அடுத்த வேலை, கணக்கு எழுதுவது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரி. கம்பெனி பெயர் என்ன? அடியில் என்ன எண் பொறித்திருக்கிறது? தண்டவாள அகலம் எவ்வளவு? பெட்டி இருக்கிறதா? எது உடைந்திருக்கிறது? எழுதுங்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள்.

பெரியவர் வாங்கிய பில், எழுதிய கடிதம், ரெயிலோடு நிற்கும் பழைய போட்டோ கிடைத்தால், கிழித்துவிடாதீர்கள். நீல் யங்கின் கதைக்கு விலை கிடைத்தது அல்லவா? வில்லாபுரத்துப் பெரியவருக்கும் ஒரு கதை உண்டு. சிங்கப்பூர்க் கடையின் பில், அந்தக் கதைக்குச் சாட்சி.

இந்த நோட்டு இல்லாமல் விற்கப் போகிறவன், இருட்டில் பணம் எண்ணுகிறவன்!

யாரிடம் விற்பது?

4 வழிகள் உண்டு.

முதல் வழி, மொத்தமாக வியாபாரியிடம் கொடுப்பது. உடனே பணம் கிடைக்கும். ஆனால் குறைவாகத்தான் கிடைக்கும். அவர் கடை வாடகையும், லாபமும் பார்க்கவேண்டும் அல்லவா? அவரைக் குற்றம் சொல்லமுடியாது. அவசரத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது.

இரண்டாவது வழி, ஏலக் கம்பெனி. இங்கிலாந்தில் பொம்மைகளுக்கே தனி ஏலக் கம்பெனிகள் இருக்கின்றன. வெக்டிஸ் அப்படிப்பட்ட கம்பெனி. போட்டோ அனுப்பினால் உத்தேச மதிப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அரிய சாமானுக்கு இது நல்ல வழி. ஆனால் கமிஷன் உண்டு. அனுப்பும் செலவு உண்டு. சுங்கம் உண்டு. 3 பேரிடம் மதிப்புக் கேளுங்கள். எல்லாச் செலவும் கழித்து, கையில் வருவது எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத பழமை உள்ள கைவினைப் பொருளைத் தனி ஆட்கள் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. மிகப் பழைய ரெயில் என்று சந்தேகம் இருந்தால், முதலில் தொல்பொருள் இலாகாவில் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது வழி, ரெயில் பிரியர்களிடம் நேரில் விற்பது. இந்தியாவில் மாடல் ரெயில் பிரியர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். ஒவ்வொன்றாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். ஒரு ஆபத்தும் உண்டு. நல்ல என்ஜினை எல்லாம் முதலில் வருகிறவர் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார். மிஞ்சிய தண்டவாளத்தை யார் வாங்குவார்கள்? ஆகவே நல்லதோடு சாதாரணத்தையும் சேர்த்துச் சிறு சிறு கட்டாக விற்பது புத்திசாலித்தனம்.

நான்காவது வழி, கொடுப்பது. இங்கிலாந்தில் ஜான் அகெர்ன் என்பவர் அமைத்த "மேடர் வேலி" என்ற சின்ன ரெயில், பிரிபடாமல் பெண்டன் பொருட்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் அவர் பெயர் இன்றும் நிற்கிறது. சென்னையிலும், திருச்சியிலும் ரெயில் பொருட்காட்சிகள் இருக்கின்றன. ஏற்றுக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கொண்டு போகவேண்டும்.

நொறுங்கிய ரெயில்

பொம்மை ரெயிலின் மதிப்பு என்ன? இதற்கு 2019-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பதில் கிடைத்தது.

ஸ்டாம்போர்டு என்ற ஊர். மார்க்கெட் டீப்பிங் என்ற இடத்தைச் சேர்ந்த ரெயில் பிரியர்கள், ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். முதல் நாள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை கதவைத் திறந்தார்கள்.

எல்லாம் தூள் தூள்!

இரவில் விடலைப் பையன்கள் சிலர் புகுந்து, மிதித்து நொறுக்கிவிட்டார்கள். வருஷக்கணக்கில் உழைத்துச் செய்த வீடுகள், மரங்கள், என்ஜின்கள் எல்லாம் தரையில் கிடந்தன. கிழவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

உதவி கேட்டார்கள். அவர்கள் கேட்டது 500 பவுன். வந்தது எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம் பவுனுக்கு மேல்! ராட் ஸ்டூவர்ட் என்ற பாடகர் மட்டும் 10 ஆயிரம் பவுன் கொடுத்தார். அவரும் வீட்டில் மாடல் ரெயில் நகரம் அமைத்தவர்தான்!

பணம் அனுப்பியவர்களில் பலர் அந்த ரெயிலைப் பார்த்ததே இல்லை. ஒரு மனிதன் பொறுமையாக, ஆசையாக, யாருக்கும் கெடுதல் இல்லாமல் செய்த வேலை அழிந்ததே என்றுதான் அனுப்பினார்கள்.

வில்லாபுரத்து வீட்டில்

மீண்டும் வில்லாபுரத்துக்கு வருவோம்.

தாய்க்கு நினைவு வேண்டும். மகனுக்குக் கடன் அடையவேண்டும். இரண்டும் நியாயம்தான். இரண்டுக்கும் வழி இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, 4 பெட்டிகளையும் கீழே இறக்கட்டும். கூடத்தில் பாயை விரித்துப் பரப்பட்டும். பேரப்பிள்ளைகள் எண்ணிச் சொல்லட்டும். மகன் நோட்டில் எழுதட்டும். எது எப்போது வந்தது என்று தாய் சொல்லட்டும். "இது உன் அக்கா பிறந்த வருஷம் வந்ததப்பா" என்று அவள் சொன்னால், அதையும் எழுதிக்கொள்ளட்டும். அந்த வரி வேறு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

பிறகு விற்கலாம். சேர்த்தவரின் ஆசையை விற்றுவிட்டோமே என்று வருந்த வேண்டியது இல்லை. அவர் வாங்கியபோது பட்ட மகிழ்ச்சியை அவர் அனுபவித்துவிட்டார். இனி அது இன்னொரு வீட்டுக்குப் போய், இன்னொரு பிள்ளையை மகிழ்விக்கட்டும். பரணில் கிடந்தால் எலிக்கும் கரையானுக்கும்தான் மகிழ்ச்சி!

ஆனால் ஒரே ஒரு என்ஜினையும், இரண்டு பெட்டியையும், ஒரு வட்டத் தண்டவாளத்தையும் விற்காமல் வைத்துக்கொள்ளட்டும்.

வருகிற புரட்டாசியில் கொலு வரும். கேழ்வரகு முளைத்துப் பச்சைப் பசேல் என்று நிற்கும். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி செய்து கொடுத்த என்ஜின், அந்தப் புல்தரையைச் சுற்றி ஓடும்.

"யாருடைய ரெயில் பாட்டி இது?" என்று பக்கத்து வீட்டுக் குழந்தை கேட்கும்.

அதற்குத் தாய் சொல்லும் பதிலுக்கு, எந்த ஏலத்திலும் விலை கிடையாது!